ரத்தக்கண்ணீர் காந்தா உங்களுக்கு எங்கே எதிர்ப்பட்டாள்?

மிமிக்ரி கலைஞர் மேடை ஏறினால் எம்.ஆர்.ராதா வராமல் போகமாட்டார், ராதா வந்தால் "அடியே காந்தா" வராமல் போகாது. படத்தைப் பார்ப்பதற்கு ரொம்ப முன்னாலேயே எங்கள் தெருப் பையன்கள் எல்லாரும் அந்தக் கரகரப்பைப் போட்டுக் காட்டுவோம். யார் அந்த காந்தா என்று எவனும் கேட்டதில்லை. 'ரத்தக்கண்ணீர்' 1954இல் வந்த படம், கிருஷ்ணன்-பஞ்சு இயக்கியது, திருவாரூர் கே.தங்கராசு எழுதி ராதா ஊர் ஊராக மேடையில் நடத்திய நாடகம்தான் படமானது. இதெல்லாம் தெரிந்த சங்கதி. ராதா வசனத்தை மனப்பாடமாக ஒப்பிக்கிற ஆட்கள் இங்கேயே நிறைய இருப்பீர்கள். சரி, காந்தாவின் வசனம் ஒன்று சொல்லுங்கள் பார்ப்போம்.

போன மாதம் ஒரு ராத்திரி தூக்கம் வராமல் படத்தைப் போட்டேன். ராதா பேசும்போதெல்லாம் அவரை விட்டுவிட்டு, தாசி காந்தாவாக நடித்த எம்.என்.ராஜத்தின் முகத்தையே பார்ப்பது என்று ஒரு பிடிவாதம். செய்து பாருங்கள், படமே வேறாகத் தெரிகிறது. வெளிநாடு போய் வந்த பவுசில் மோகனசுந்தரம் (ராதாவின் வேடம்) அம்மா, தொழிலாளி, கட்டிய மனைவி சந்திரா என்று ஒருவரையும் விடாமல் வாயால் கிழித்துத் தொங்கவிடுகிறான். அந்த வாய்க்கு அசையாத ஒரே ஆள் காந்தா. அவனை எதிர்த்துப் பேசி ஜெயிப்பதில்லை அவள், கேட்டுக்கொண்டு சிரிக்கிறாள், சொத்து கைமாறும்வரை குழைகிறாள், அவனுக்குத் தொழுநோய் வந்தபின் அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று கண்டுபிடிக்க முடியாதபடி நின்றுபோகிறது. வெறுப்புகூடப் பெரிதாக இல்லை, கணக்கு தீர்ந்த பற்றுவரவு நோட்டை மூடி வைக்கிற முகம்தான். காசில்லாதவன் கடவுளே ஆனாலும் 'கதவைச் சாத்தடி' என்று படத்தில் ஒரு பாட்டு வருமே, அதிலேயே அவள் தொழில் சட்டம் முழுவதும் வந்துவிடுகிறது. மோகன் காதில்தான் ஏறவில்லை.

ராஜத்துக்கு அப்போது இருபது வயதுகூட நிரம்பவில்லை. ராதாவுக்கு 47. அந்த மனிதர் எதிரே நின்றால் அனுபவப்பட்ட நடிகர்களே காணாமல் போவார்கள், இந்தப் பெண் காணாமல் போகவில்லை. பெயர் மட்டும் ராதாவின் குரலில் நமக்கு வந்து சேர்ந்தது, முகம் வரவில்லை. அது எனக்குக் கொஞ்சம் அநியாயமாகப் படுகிறது.

நீங்கள் காந்தாவைப் பார்த்த கதையை எழுதுங்கள். ராதா வசனம் வேண்டாம், தயவுசெய்து.

-----

நான் பார்த்தது டூரிங் டாக்கீஸில். படம் வந்து பல வருஷம் ஆகியும் அவ்வப்போது கொண்டுவந்து போடுவார்கள், கூட்டமும் வரும். நடுவில் தட்டி, இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள், உட்காருவது மணலில். ஆண்கள் பக்கம் ராதா வாயைத் திறந்தால் விசில். பெண்கள் பக்கம் காந்தா வந்தாலே சாபம். நான் சின்னப் பையன் என்பதால் பெரியம்மா மடியில் அந்தப் பக்கம்தான் இருந்தேன். காந்தா மோகனைப் படியிலிருந்து உதைத்துத் தள்ளுகிற இடம் வந்ததும் பெரியம்மா என்னைக் கீழே இறக்கிவிட்டு எழுந்து நின்று ஒரு கைப்பிடி மணலை அள்ளித் திரையைப் பார்த்து வீசினார். முன்வரிசைக்காரர்கள் தலையில்தான் விழுந்தது, யாரும் சண்டைக்கு வரவில்லை. அவர்களும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

வேடிக்கை அப்புறம்தான். கொஞ்ச நாள் கழித்து அதே கொட்டகையில் 'பாசமலர்' போட்டார்கள். அதில் ராஜம் சிவாஜிக்கு மனைவியாக மாலதி என்ற வேடத்தில் வருவார், நல்ல பெண், சாது. பெரியம்மா நம்பவே இல்லை. "இவ நல்லவ மாதிரி நடிக்கிறா, பாருங்கடி, கடைசியில வேலையக் காட்டுவா" என்று பக்கத்தில் இருந்தவர்களை எல்லாம் எச்சரித்துக்கொண்டே இருந்தார். அண்ணனும் தங்கையும் செத்து கொட்டகையே அழுகிறது, பெரியம்மா மட்டும் ராஜம் எப்போது விஷம் வைப்பாள் என்று காத்துக்கொண்டிருந்தார். ஒரு நடிகைக்கு இதைவிடப் பெரிய விருது யாராலும் கொடுக்க முடியாது என்று இப்போது தோன்றுகிறது, ஆனால் பாவம், அந்த மாலதி வேடத்துக்கு எங்கள் ஊரில் நியாயம் கிடைக்கவில்லை.

-----

நான் தொழுநோய் ஒழிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். காந்தாவை நான் சந்தித்தது திரையில் இல்லை, நோயாளிகளின் பேச்சில்.

கிராமங்களுக்குத் தேமல் பரிசோதனைக்குப் போவோம். உணர்ச்சியில்லாத தேமல் என்றதும் ஆட்கள் முகம் மாறும். "ரத்தக்கண்ணீர் வியாதியா சார்?" என்று நேரடியாகவே கேட்பார்கள். தப்பு வழியில் போனவனுக்கு வருகிற தண்டனை என்று அந்தப் படம் ஜனங்கள் மனதில் பதித்துவிட்டது, அதைப் பிடுங்கி எடுக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. அது ஒரு கிருமியால் வருவது, நார்வே மருத்துவர் ஹேன்சன் அதைக் கண்டுபிடித்தது 1873இல். தாசி வீட்டுக்குப் போனதற்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது, பெரும்பாலானவர்களுக்கு இயற்கையாகவே எதிர்ப்பு சக்தி உண்டு. படம் வருவதற்கு முன்னாலேயே, 1940களில், செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் திருமணி மருத்துவமனையில் டாப்சோன் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். இன்றைக்குக் கூட்டு மருந்து சிகிச்சையில் ஆறு மாதம் அல்லது ஒரு வருடம், இலவசம், முழுக் குணம்.

நான் சொல்ல வந்தது வேறு. ஒரு நோயாளி, வசதியான வீட்டுப் பெரியவர், வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் தனியாக இருந்தார், சாப்பாடு தட்டு வாசலோடு சரி. அவர் என்னிடம் சொன்னார்: "படத்துல ஒரு காந்தாதான் சார், எங்க வீட்டுல எல்லாருமே காந்தா." சினிமாக் கொட்டகையில் மண்ணை வாரி வீசிய அதே ஜனங்கள்தான் வீட்டில் இப்படி நடத்தினார்கள். சட்டமே அப்படித்தானே இருந்தது. கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் என்றால் விவாகரத்து கேட்கலாம் என்ற விதியை 2019இல்தான் எடுத்தார்கள். ராஜத்தின் நடிப்பு அவ்வளவு உறுத்துவதற்கு இதுவும் காரணம் என்பது என் அபிப்பிராயம். அவர் முகத்தில் பெரிய வில்லத்தனம் தெரிவதில்லை, அன்றைக்கு எந்த வீட்டிலும் பார்க்கக்கூடிய முகச்சுளிப்புதான் தெரிகிறது.

-----

ஐயா எழுதியதைப் படித்துவிட்டு கொஞ்ச நேரம் ஒன்றும் தோன்றவில்லை. என் அனுபவம் இதோடு ஒப்பிட்டால் சாதாரணம்தான், இருந்தாலும் எழுதுகிறேன்.

கல்லூரி ஆண்டு விழாவில் நான் காந்தாவாக நடித்தேன். அரை மணி நேரத்துக்குச் சுருக்கிய ரத்தக்கண்ணீர். ராதா வேஷத்துக்கு ஏழெட்டுப் பேர் அடித்துக்கொண்டார்கள், காந்தாவுக்கு ஒருத்தியும் வரவில்லை, குரல் பெரிசு என்று என்னைப் பிடித்துப் போட்டார்கள். வில்லி என்றால் என்ன செய்வோம்? புருவத்தைத் தூக்கினேன், இடுப்பில் கை வைத்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு பேசினேன். ஒத்திகையில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாடகம் சொல்லிக்கொடுத்த பேராசிரியர் ஒன்றும் திட்டாமல் படத்தைப் போட்டுக் காட்டி, "அந்தம்மா எத்தனை தடவை கத்துறாங்கன்னு மட்டும் பாரு" என்றார். நான் எதிர்பார்த்ததைவிட ரொம்பக் குறைவு. பெரும்பாலும் அந்தக் காலத்துக்கே உரிய தெளிவான உச்சரிப்பில், வீட்டு வேலைக்காரருக்கு உத்தரவு போடுகிற தொனியில் பேசிவிட்டுப் போகிறார்.

அப்புறம் நானும் குரலைக் குறைத்தேன், மோகனாக நடித்த சீனியர் அண்ணன் வசனம் பேசும்போது அவரைப் பார்க்காமல் என் வளையலைச் சரிசெய்தேன். அவ்வளவுதான் மாற்றம். அண்ணன் ஒத்திகையில் வசனத்தை மறந்து நின்றுவிட்டார், "நீ கேக்கவே மாட்டேங்கிறியே, நான் யாருகிட்ட பேசுறது?" என்று கோபம் வேறு. அதுதானே மோகனின் பிரச்சினையும்!

உதைக்கிற இடம்தான் வரவில்லை. வயதில் மூத்தவரை எப்படிக் காலால் தொடுவது, கால் எழும்பவே இல்லை. ராஜமும் அந்தக் காட்சிக்குத் தயங்கியதாகவும் ராதாவே தைரியம் சொல்லி எடுக்கவைத்ததாகவும் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார் என்று பேராசிரியர் சொன்னார். எங்கள் மேடையில் கடைசியில் உதை இல்லை, கதவைச் சாத்திவிட்டு உள்ளே போனேன். முன்வரிசையில் இருந்த யாரோ ஒரு அம்மா "அடிப்பாவி" என்று சத்தமாகச் சொன்னது எனக்கு உள்ளே கேட்டது. அன்றைக்கு ராத்திரி விடுதியில் சாப்பாட்டு வரிசையில் தோழிகள்கூட கொஞ்சம் தள்ளி நின்ற மாதிரி எனக்கு ஒரு பிரமை.

-----

1954 என்றதும் எனக்கு இன்னொருத்தி ஞாபகம் வருகிறாள். 'மனோகரா'வும் அதே வருடம்தான். வசந்தசேனையாக டி.ஆர்.ராஜகுமாரி. 'ஹரிதாஸ்' 1944, 'சந்திரலேகா' 1948 என்று நாட்டையே கிறங்கடித்த கதாநாயகி, பத்து வருடத்தில் ராஜாவை மயக்கி, பட்டத்து ராணியைச் சிறையில் தள்ளி, தன் அசட்டு மகனை அரியணையில் ஏற்றப் பார்க்கிற வேஷத்துக்கு வந்தார். நிறையப் பேர் அதை இறக்கம் என்பார்கள், எனக்கு அப்படித் தெரியவில்லை. அந்த அழகை எல்லாரும் ஏற்கெனவே நம்பியிருந்ததால்தான் ராஜா மயங்கினான் என்பதை யாரும் கேள்வி கேட்கவில்லை. ஆனால் அந்தப் படத்திலும் இதே கதைதான், கலைஞர் வசனம் முழுவதும் சிவாஜிக்கும் கண்ணாம்பாவுக்கும் போய்விட்டது. "பொறுத்தது போதும், பொங்கி எழு" தெரியாத ஆள் உண்டா? பொங்கி எழவைத்தவள் யார் என்று கேட்டால் யோசிப்பார்கள்.

எங்கள் அப்பாவிடம் ஒருமுறை இரண்டு பேரில் யார் பெரிய கொடுமைக்காரி என்று கேட்டேன். "வசந்தசேனைக்கு ராஜ்ஜியம் வேணும், அதுல ஒரு பெரிய ஆசை இருக்கு. காந்தாவுக்கு அடுத்த மாச வாடகையும் நகையும் போதும். எனக்கு ரெண்டாவதுதான் பயம்" என்றார். அவர் வட்டிக்கடையில் கணக்கெழுதியவர், அவர் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

-----

எல்லாம் சரி, 'படையப்பா' நீலாம்பரிக்கு முன்னால் இவர்கள் எம்மாத்திரம்? 1999இல் தியேட்டரில் ரம்யா கிருஷ்ணன் கால்மேல் கால் போட்டதற்கு விழுந்த கைதட்டல் ரஜினிக்கே கொஞ்சம் போட்டிதான். நான் அங்கே இருந்தேன், என் காது சாட்சி.

-----

தம்பி, நீலாம்பரி பெரிய வில்லிதான், மறுக்கவில்லை. ஆனால் அவளுக்குக் காதல் இருக்கிறது, அவமானம் இருக்கிறது, 18 வருடம் ஒரு அறைக்குள் அடைந்து கிடந்த கதை இருக்கிறது. நமக்கு உள்ளுக்குள் அவள்மேல் ஒரு பரிதாபம் வந்துவிடுகிறது, அதனால்தான் கைதட்டினோம். காந்தாவுக்கு முன்கதை கிடையாது, அவள் ஏன் இப்படி ஆனாள் என்று படம் ஒரு நிமிஷம்கூட நின்று கேட்கவில்லை. கைதட்ட வழியே வைக்காமல் ஒரு நடிகையை நிறுத்திவிட்டார்கள், அவரும் அனுதாபம் கேட்காமல் நடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

எனக்கு இருக்கிற ஒரே மனத்தாங்கல் அந்த விமானம். காந்தாவைத் தண்டிக்க வேண்டும் என்பதற்காக விமான விபத்தில் அனுப்பிவைப்பார்கள். மூட நம்பிக்கையைக் கிண்டலடிக்கிற படம், வானத்திலிருந்து தண்டனை வரவழைக்கிறது! அவள் பாட்டுக்கு வேறு ஊரில் சௌக்கியமாக இருந்தாள் என்று விட்டிருந்தால் கொட்டகையைவிட்டு வெளியே வந்தபிறகும் ஜனங்கள் தூங்கியிருக்கமாட்டார்கள்.

நாடகத்தை மேடையில் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள், வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டாவது எழுதுங்கள். அங்கே காந்தாவாக வந்தவர்களும் இப்படி அமைதியாகத்தான் செய்தார்களா, இல்லை கத்தித் தீர்த்தார்களா என்று எனக்குத் தெரிய வேண்டும்.