எண்ணூர் வண்டலில் மேக்னடைட்: பாக்டீரியாக் கூட்டத்தை மாற்றுவது அதுதானா?

அலையாத்தி:
எண்ணூர்க் கழிமுக வண்டலில் அனல்மின் நிலையச் சாம்பலோடு மேக்னடைட் (காந்தத் தன்மையுள்ள இரும்பு ஆக்சைடுத் தாது) போன்ற காந்தத் துகள்களும் கலந்து கிடக்கின்றன. காந்த ஏற்புத்திறன் (காந்தப்புலத்தில் எவ்வளவு காந்தமாகும் என்ற அளவு) கூடுதலான அடுக்குகளில் பாக்டீரியாக் கூட்டமும் வேறாக இருந்தால், தாதுதான் காரணம் என்று சொல்லலாமா? குப்பியில் மேக்னடைட் சேர்த்துச் சோதிப்பதென்றால் எவ்வளவு, எப்படி?

கருமணல்:
அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. சாம்பலோடு கன உலோகங்களும் வருகின்றன. துகளளவும் கரிமப் பொருளும்கூட அடுக்குக்கு அடுக்கு மாறும். குப்பிச் சோதனை அவசியம்.

120 மி.லி. குப்பியில் 60 மி.லி. குழம்பு எடுங்கள்: வண்டல் 1 பங்கு, ஆக்சிஜன் நீக்கிய செயற்கைக் கடல்நீர் 4 பங்கு. மேலே நைட்ரஜன் 80%, கார்பன் டை ஆக்சைடு 20%. அடைப்பான் தடித்த பியூட்டைல் ரப்பராக இருக்கட்டும். சாதா ரப்பர் ஆக்சிஜனை உள்ளே விடும். இரும்புக் கணக்கில் 20 மில்லிமோலார் என்றால் குப்பிக்குச் சுமார் 93 மி.கி. மேக்னடைட். காற்று பட ஆட்டோகிளேவ் செய்தால் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கினால்) நுண்துகள் மேகமைட்டாகும் (மேலும் ஆக்சிஜனேற்றம் பெற்ற இரும்பு ஆக்சைடு), கறுப்பு பழுப்பாகத் திரியும். நைட்ரஜனில் அடைத்தே சூடாக்குங்கள். காந்தக் கலக்கி கூடாது, துகளெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும்.

ஒப்பீட்டுக் குப்பிகளில் கஞ்சத்தனம் வேண்டாம். மேக்னடைட் இரும்பைச் சுவாசிக்கும் பாக்டீரியாவுக்கு எலக்ட்ரான் ஏற்பி; செல்லுக்குச் செல் எலக்ட்ரானைக் கடத்தும் பாலமும் அதுவே. இரண்டையும் பிரிக்க, அதே இரும்பளவில் ஃபெரிஹைட்ரைட் (இன்னொரு இரும்புத் தாது; இரும்பு உண்டு, கடத்தல் மிகக் குறைவு), தூள் கிளர்வுற்ற கரி (கடத்தும், இரும்பு இல்லை), ஒத்த துகளளவில் குவார்ட்ஸ், எதுவும் சேர்க்காதது, கிருமி நீக்கியது என ஒவ்வொன்றிலும் 3 குப்பிகளாவது வையுங்கள்.

அலையாத்தி:
காந்தப்புலமே பாக்டீரியாவை இழுக்க வாய்ப்பில்லையா?

கருமணல்:
பிளேக்மோர் 1975இல் விவரித்த காந்தநாட்டப் பாக்டீரியா புவிப்புலத்தை உணரும். ஆனால் அவை உடலுக்குள் தாமே செய்துகொள்ளும் காந்தத்தால் உணர்கின்றன. மற்றவற்றுக்கு முக்கியம் இரும்பும் மின்கடத்தலும்தான்.

சேற்றுநண்டு:
சல்பேட்டை மறக்காதீர்கள். பால்டிக்கின் போத்னிய விரிகுடா வண்டலில், கடத்தும் துகள் இருந்தபோதுதான் ஜியோபாக்டர் பாக்டீரியாவும் மீத்தேன் உண்டாக்கும் மெத்தனோசார்சினா நுண்ணுயிரும் கூட்டாக அசிட்டேட்டைச் சிதைத்தன. அங்கே உப்பு மிகக் குறைவு. முழுக் கடல்நீரிலோ சுமார் 28 மில்லிமோலார் சல்பேட். அசிட்டேட்டைச் சல்பேட் ஒடுக்கிகள் (சல்பேட்டைச் சுவாசித்துச் சல்பைடாக்கும் பாக்டீரியா) முந்திக்கொள்ளும்; அவை விடும் சல்பைடு மேக்னடைட்டின் மேற்பரப்பைத் தின்று, காலப்போக்கில் பைரைட்டாக்கும் (இரும்புச் சல்பைடுத் தாது). காந்த ஏற்புத்திறனை வாராவாரம் அளந்தால் இந்த இழப்பு தெரியும். ஒரு தொகுதிக்கு 20 மில்லிமோலார் மாலிப்டேட் சேர்த்துச் சல்பேட் ஒடுக்கிகளை முடக்கிப் பாருங்கள்.

பொய்யான வேறுபாடு பெரும்பாலும் டி.என்.ஏ. பிரிக்கும்போது நுழைகிறது. இரும்பு ஆக்சைடு டி.என்.ஏ.வின் பாஸ்பேட்டைப் பற்றிக்கொள்ளும். மேக்னடைட் குப்பியில் மகசூல் குறைந்து, கூட்டமே மாறியதுபோல் தெரியும். செல்லை உடைக்கும் முன்பே 120 மில்லிமோலார் பாஸ்பேட் தாங்கல் (பிஹெச் 8) சேர்த்துவிடுங்கள். பி.சி.ஆர். தடைபடுகிறதா என்று 10 மடங்கு நீர்த்தும் ஓட்டுங்கள். 16எஸ் (பாக்டீரியா இனங்களை அடையாளம் காட்டும் மரபணு) விழுக்காடு மட்டும் போதாது, கியூ-பி.சி.ஆரில் (டி.என்.ஏ. அளவை எண்ணும் பி.சி.ஆர்.) மொத்த எண்ணிக்கையும் வேண்டும். டி.என்.ஏ.வைக் காந்த மணிகளால் தூய்மைப்படுத்தினால் மிச்ச மேக்னடைட்டும் மணிகளோடு ஒட்டி வரும். இதற்கு வடிகட்டி நிரலே பாதுகாப்பு.