2013 உணவுப் பாதுகாப்பு மசோதா: தமிழ்நாடு எதிர்த்தது சரிதானா?

கோடியக்கரை:

மக்களவையின் பழைய விவாதப் பதிவுகளை எடுத்துப் படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. இந்த வாரம் 2013 ஆகஸ்ட் 26. தேசிய உணவுப் பாதுகாப்பு மசோதா மக்களவையில் நிறைவேறிய நாள். கிராமங்களில் 75 சதவீதம் பேர், நகரங்களில் 50 சதவீதம் பேர் வரை தலைக்கு மாதம் 5 கிலோ. அரிசி கிலோ 3 ரூபாய், கோதுமை 2, சிறுதானியம் 1. அந்தியோதயா எனப்படும் மிக ஏழைக் குடும்பத்துக்கு 35 கிலோ. நாட்டில் மூன்றில் இரண்டு பங்கு மக்களுக்குச் சோறு சட்டப்படியான உரிமை ஆனது.

அப்பேர்ப்பட்ட மசோதாவை அதிமுக எதிர்த்தது. தமிழ்நாட்டுக்கு விலக்கு வேண்டும் என்று ஜெயலலிதா 2011 டிசம்பரிலேயே பிரதமருக்குக் கடிதம் எழுதிவிட்டார். மாநிலத்தின் ஒதுக்கீடு குறையக்கூடாது என்று திமுகவும் வலியுறுத்தியது. எங்கள் ஊரில் எல்லாருக்கும் ரேஷன், அதைக் கெடுக்காதீர்கள் என்பதுதான் இரண்டு பக்கத்து வாதமும்.

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நான் வருமான வரி கட்டுகிறவன். சொந்த வீடு இருக்கிறது, கார் இருக்கிறது. என் அட்டை அரிசி அட்டை. மாதம் 20 கிலோ அரிசி இலவசம். அதை நாங்கள் ஒருநாளும் சமைத்ததில்லை, வீட்டு வேலைக்கு வரும் அம்மா எடுத்துக்கொள்வார். உணவு மானியத்துக்கு மாநில அரசு ஆண்டுக்கு 10,000 கோடிக்கு மேல் செலவழிக்கிறது. என் வீட்டுப் பங்கைப் பிடித்து, ஜவ்வாது மலையிலோ கொல்லிமலையிலோ இருக்கும் பிள்ளைக்கு முட்டையும் பயறும் கொடுத்தால் என்ன? இவருக்கு ரேஷன், இவருக்கு இல்லை என்று மத்திய சட்டம் போட்ட கோட்டை நாம் அன்றே ஏற்றிருக்க வேண்டும்.

பொன்னி:

சார், அந்தக் கோட்டைத் தமிழ்நாடு ஒரு தடவை போட்டுப் பார்த்தது. அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது.

2000-களின் தொடக்கத்தில், மாத வருமானம் 5,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் அட்டையில் ‘எச்’ முத்திரை குத்தினார்கள். முத்திரை விழுந்தால் அரிசி கிடையாது. போட்டது வேறு யாரும் இல்லை, அதே ஜெயலலிதா அரசுதான்.

என் அப்பா அப்போது பேருந்து நடத்துநர். சம்பளம் 5,000-ஐக் கொஞ்சம் தாண்டியிருந்தது. வீட்டில் ஏழு பேர்: தாத்தா, பாட்டி, கல்யாணமாகாத அத்தை, நாங்கள் இரண்டு பிள்ளைகள், அப்பா, அம்மா. அட்டையை வாங்கிக்கொண்டு வந்த அன்று அம்மா அதைச் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த மாதத்திலிருந்து இட்லிக்கு ஊறப்போடும் புழுங்கலரிசி கடை அரிசி ஆனது. இட்லி வாரத்தில் ஒருநாள் என்று ஆனது. அப்பா பணக்காரர் என்று அரசாங்கக் கணக்கு சொன்னது. ஏழு வாயை யாரும் எண்ணவில்லை.

2004 மக்களவைத் தேர்தலில் மாநிலத்தின் 39 தொகுதிகளிலும் அதிமுக அணி தோற்றது. அந்த மே மாதமே ‘எச்’ முத்திரை ரத்து. பட்டு அறிந்ததால்தான் 2011-இல் அந்தக் கடிதம் போனது என்று நினைக்கிறேன். அரசியல் கணக்கு இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஜனங்கள் கோபப்பட்டதற்கு நியாயம் இருந்தது.

கணக்கர்:

இரண்டு பேரும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். 2013-இல் தமிழ்நாட்டின் பயம் கொள்கை மட்டும் இல்லை, டன் கணக்கும்தான்.

75-ம் 50-ம் நாடு முழுவதற்குமான சராசரி. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி வரம்பு வைத்தார்கள். தமிழ்நாட்டுக்குக் கிராமத்தில் 62.55, நகரத்தில் 37.79 சதவீதம். 2011 கணக்கெடுப்பின்படி 7.21 கோடிப் பேரில் 3.64 கோடிப் பேர்தான் உள்ளே வருவார்கள். பாதிதான். மீதிப் பாதிக்கு அரிசி எங்கிருந்து வரும் என்பதே கேள்வி.

அதற்குப் பதிலாக வந்ததுதான் சட்டத்தின் நான்காம் அட்டவணை. ஒரு மாநிலம் முந்தைய மூன்று ஆண்டுகளில் சராசரியாக எடுத்த தானியத்துக்குக் குறையாமல் தர வேண்டும். தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 36.78 லட்சம் டன் என்று அதில் எழுதியிருக்கிறது. இந்த எண் சட்டத்தில் உட்கார்ந்ததற்குக் காரணம், மாநிலங்கள் கத்தியதுதான். எதிர்த்தது வீண் என்று சொல்ல முடியாது.

இன்னொன்று. 2011 டிசம்பரில் தாக்கலான முதல் வடிவத்தில் மக்களை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். முன்னுரிமைப் பிரிவுக்குத் தலைக்கு 7 கிலோ, பொதுப்பிரிவுக்கு 3 கிலோ. விலையும் வேறு வேறு. விலாஸ் முத்தேம்வார் தலைமையிலான நாடாளுமன்ற நிலைக்குழு 2013 ஜனவரியில் அந்தப் பிரிவே வேண்டாம், எல்லாருக்கும் ஒரே 5 கிலோ என்றது. அரசு ஏற்றுக்கொண்டது. நாடாளுமன்றத்தில் பேசி என்ன ஆகிறது என்று கேட்பவர்களுக்கு இந்த மசோதாவைக் காட்டலாம். அவையில் நடந்த பேச்சைவிடக் குழு அறையில் நடந்த பேச்சு அதிகம் மாற்றியது, அவ்வளவுதான்.

கோடியக்கரை:

பொன்னி அம்மா, உங்கள் வீட்டுக் கதை என்னைத் தொட்டது. ஆனால் அது கோட்டைத் தப்பான இடத்தில் போட்டதன் கதை. ஏழு பேர் வீட்டுக்கு 5,000 ரூபாய் வரம்பு அநியாயம். வரம்பை ஒழுங்காக வைத்தால் போதாதா? வருமான வரி கட்டுகிறவர், நாலு சக்கர வாகனம் வைத்திருப்பவர், இவர்களைக் கண்டுபிடிப்பது இன்று கஷ்டமே இல்லை.

அப்புறம், யாருக்கும் வேண்டாத அரிசி எங்கே போகிறது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். மாவு மில்லுக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் போகிறது. எல்லை தாண்டிக் கேரளத்துக்கும் ஆந்திரத்துக்கும் போகிறது. கடத்தலைப் பிடிக்கவே ஒரு தனிக் காவல் பிரிவு வைத்திருக்கிறோம். மத்திய அரசு அமைத்த சாந்தகுமார் குழு 2015-இல், நாடு முழுவதும் 2011-12-இல் ரேஷன் தானியத்தில் 46.7 சதவீதம் கசிந்தது என்று கணக்குச் சொல்லி, 67 சதவீதப் பயனாளிகளை 40 சதவீதமாகக் குறைக்கச் சொன்னது. அந்த அளவுக்குப் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. என்னைப் போன்றவர்களை எடுங்கள் என்கிறேன்.

கணக்கர்:

அந்த 46.7 நாடு முழுவதற்குமான எண் சார். அந்த ஆண்டில் ஏழைக்கு ஒரு விலை, மற்றவருக்கு ஒரு விலை என்ற 1997-ஆம் ஆண்டுப் பிரிவினைதான் பெரும்பாலான மாநிலங்களில் நடந்துகொண்டிருந்தது. கோடு போட்ட இடத்தில்தான் அந்தக் கசிவு. அதே பொருளுக்கு இரண்டு விலை வைத்தால், நடுவில் நிற்பவனுக்கு வழி திறந்துவிடுகிறோம். அதை வைத்துக்கொண்டு இன்னும் கோடு போடு என்று எப்படிச் சொல்வது?

பழைய விற்பனையாளர்:

நான் ரேஷன் கடையில் 22 வருஷம் விற்பனையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். சட்டம் எனக்கு அவ்வளவு தெரியாது. தெரிந்ததைச் சொல்கிறேன்.

என் கடைக்கு இரண்டு விதமான தெருக்கள். ஒரு பக்கம் வாத்தியார்கள், மின்வாரிய ஊழியர்கள் குடியிருந்த தெரு. மறுபக்கம் செங்கல் சூளைக்குப் போகிறவர்கள். ஒரு ஐப்பசி மாதம் கிடங்கிலிருந்து வந்த லோடு சரியில்லை. குத்தூசி போட்டுப் பார்த்தால் அரிசி மஞ்சளாக, கட்டி கட்டியாக வருகிறது, ஒரே நாற்றம். இறக்கமாட்டேன் என்று சொல்லும் அதிகாரம் எங்களுக்குப் பேச்சில்தான் உண்டு. இறக்கிவிட்டார்கள்.

காலையில் முதல் வரிசையில் சூளைக்காரர்கள். ஒரு அம்மா கையில் அள்ளி மோந்து பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் பையை நீட்டினார். அன்றைக்குக் கூலியை விட்டுவிட்டு நிற்கிறவர், சண்டை போட அவருக்கு ஏது நேரம்? பத்து மணிக்கு ஒரு டீச்சர் வந்தார். பையில் விழுந்த அரிசியை எடைத்தட்டிலேயே திருப்பிக் கொட்டினார். அங்கேயே நின்று வட்ட வழங்கல் அலுவலகத்துக்குப் போன் போட்டார். மறுநாள் சாயங்காலத்துக்குள் 18 மூட்டையும் மாறிவிட்டது. சூளைக்காரர்களைக் கூப்பிட்டு நான் மாற்றிக் கொடுத்தேன்.

அந்த டீச்சருக்கு அரிசி தேவையா என்றால் தேவையில்லைதான். அவர் வரிசையில் இருப்பது மற்றவர்களுக்குத் தேவை. 22 வருஷத்தில் எனக்குப் புரிந்தது இது.

கடத்தல் பற்றி: நடக்கிறது, மறைக்க மாட்டேன். ஆனால் மூட்டை மூட்டையாகப் போவது கார்டுதாரர் பையிலிருந்து இல்லை. வாங்காதவர் பெயரில் பில் போடுகிறார்களே, அதில்தான். கைரேகை வந்த பிறகு அது குறைந்தது. அதுவும் முழுதாக நிற்கவில்லை.

நொய்டா தமிழன்:

வேறு இடத்தில் கோடு எப்படி வேலை செய்கிறது என்று நான் தினமும் பார்க்கிறேன். எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில் கட்டட வேலைக்கு வந்த பிகார் குடும்பங்கள் இருக்கின்றன. கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வந்த பிள்ளைகளுக்குப் புது அட்டை இல்லை. கேட்டால், மாநிலத்தின் எண்ணிக்கை நிரம்பிவிட்டது என்கிறார்கள். 2011 மக்கள்தொகையை வைத்து 81.35 கோடி என்று உச்சவரம்பு கட்டியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு கணக்கெடுப்பே நடக்கவில்லை. 2025 பிப்ரவரியில் மாநிலங்களவையில் சோனியா காந்தி இதைத்தான் எழுப்பினார்: 14 கோடிப் பேர் வெளியே நிற்கிறார்கள் என்று. அடுத்த கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. அதுவரை அந்தப் பிள்ளைகள் என்ன சாப்பிடுவார்கள்?

2017-இல் ஜார்க்கண்டின் சிம்டேகாவில் ஒரு சிறுமி இறந்தாள். ஆதார் இணைக்காததால் அட்டை ரத்தாகிப் பல மாதம் ரேஷன் இல்லை, பட்டினியில் செத்தாள் என்றது குடும்பம். மலேரியா என்றது அரசு. எது காரணமானாலும், அந்த வீட்டின் பெயர் பட்டியலில் இல்லாமல் போனது உண்மை. தமிழ்நாட்டில் இந்தப் பட்டியலே இல்லாமல் வளர்ந்த எனக்கு அதைப் படித்தபோது உடம்பு நடுங்கியது.

கோடியக்கரை:

டீச்சர் கதையைப் படித்துவிட்டு இரண்டு நாள் எழுதவில்லை. நான் கடைசியாக ரேஷன் கடைக்குள் கால் வைத்து ஆறு வருஷம் இருக்கும். வீட்டு வேலைக்கு வரும் அம்மாதான் வாங்குகிறார், அரிசி எப்படி இருக்கிறது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

ஆனாலும் என் கேள்வி அப்படியேதான் இருக்கிறது. 2016 நவம்பர் 1-இல் தமிழ்நாடு சட்டத்தில் சேர்ந்தது, கேரளத்தோடு கடைசியாக. சேர்ந்ததால் கெட்டது நடந்ததா? நாலு பேருக்கு மேல் உள்ள முன்னுரிமைக் குடும்பங்களுக்குத் தலைக்கு 5 கிலோ கணக்கில் கூடுதலாகவே கிடைத்தது. அப்படியானால் மூன்று வருஷம் வெளியே நின்றதில் பெரிய குடும்பங்கள் இழந்ததை யார் கணக்குப் பார்ப்பது?

பொன்னி:

இதை ஒத்துக்கொள்கிறேன். அந்த மூன்று வருஷம் பெரிய குடும்பங்களுக்கு நட்டம்தான். சட்டமும் வேண்டும், எல்லாருக்கும் என்பதும் வேண்டும் என்று முதலிலேயே இரண்டையும் சேர்த்துக் கேட்டிருக்கலாம். கடைசியில் நடந்தது அதுதானே. மத்திய அரசு 3.64 கோடிப் பேருக்குத் தருகிறது, மற்றவர்களுக்கான செலவை மாநிலம் ஏற்கிறது.

ஆனால் 2017 ஜூலையை மறக்காதீர்கள். சட்டத்துக்கான விதிகள் அரசிதழில் வந்தபோது, வருமான வரி கட்டுகிறவர், கார் வைத்திருப்பவர், ஏசி வைத்திருப்பவர் என்று விலக்குப் பட்டியலும் கூடவே வந்தது. நீங்கள் கேட்கும் அதே பட்டியல். ஊரெல்லாம் கொந்தளித்து, எல்லாருக்கும் ரேஷன் தொடரும் என்று அன்றைய உணவு அமைச்சர் ஆர். காமராஜ் விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்தப் பட்டியலில் ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்கு மேல் என்றும் ஒரு வரி இருந்தது. மாதம் 8,334 ரூபாய். கார்க்காரரை நிறுத்தப் போட்ட கோடு நடத்துநர் வீட்டு வாசலுக்கு மறுபடியும் வந்துவிட்டது பார்த்தீர்களா?

மலைப் பிள்ளைகளுக்கு முட்டையும் பயறும் வேண்டும் என்கிறீர்களே, அதில் நான் உங்கள் பக்கம். துவரம்பருப்பும் பாமாயிலும் 2007-லிருந்து ரேஷனில் வருகின்றன. கேழ்வரகு இன்னும் எல்லா மாவட்டத்துக்கும் வரவில்லை. அதற்குக் குரல் கொடுங்கள், சேர்ந்து கொடுப்போம். அதற்காக யாருடைய அட்டையையும் பிடுங்க வேண்டியதில்லை.

கோடியக்கரை:

ஒரு லட்சம் வரம்பு எனக்கு நினைவில் இல்லை. அது அநியாயம்தான். ஆனால் நானாக முன்வந்து என் அரிசியை விட்டுக்கொடுப்பதில் என்ன தப்பு? யாரும் கோடு போட வேண்டாம், நானே விலகுகிறேன்.

பழைய விற்பனையாளர்:

தப்பே இல்லை சார். விட்டுக்கொடுக்க ஆன்லைனிலேயே வழி இருக்கிறது. அதற்கு முன்னால் அந்த அம்மாவிடம் பேசுங்கள். அவருக்குச் சொந்த அட்டை இருக்கிறதா, இல்லை உங்கள் அட்டை அரிசியை நம்பித்தான் உலை வைக்கிறாரா என்று கேளுங்கள். அட்டை இல்லையென்றால் முதலில் அவருக்கு ஒன்று எடுத்துக் கொடுங்கள்.

விட்டுக்கொடுத்த பிறகும் பருப்பும் சர்க்கரையும் வாங்க மாதம் ஒருநாள் நீங்களே வாருங்கள். லோடு இறக்கும் நாளாகப் பார்த்து வாருங்கள். மூட்டையைப் பிரிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள்.