பழைய சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர்: வாங்குவதற்கு முன் எவற்றைச் சோதிக்க வேண்டும்?

கேள்வி

சில ஆண்டுகளாக .22 கைத்துப்பாக்கியில் இலக்குப் பயிற்சி செய்து வருகிறேன், உரிமமும் உள்ளது. சேகரிப்பாளர் ஒருவர், 1900க்கு முன் தயாரானது என்று சொல்லி, .45 அளவுள்ள கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி ரிவால்வர் (ஒவ்வொரு முறையும் சுத்தியலைக் கையால் பின்னிழுத்துச் சுடும் வகை) ஒன்றைத் தர முன்வந்துள்ளார். அதற்குப் பிற்காலத்தில் புதிதாக நீல மெருகு ஏற்றியிருக்கிறார்கள். கண்ணாடிப் பேழையில் வைக்க எனக்கு விருப்பமில்லை; 15 மீட்டரில் காகித இலக்கை நோக்கிச் சுட வேண்டும். இக்காலத் தோட்டாக்களை அதில் பயன்படுத்தலாமா?

முதல் பதில்

1873இல் வெளிவந்த இந்த ரிவால்வர், 255 கிரெயின் (எடை அலகு) ஈயக் குண்டையும் 40 கிரெயின் கரிமருந்தையும் (பழைய வகைக் கறுப்பு வெடிமருந்து) கொண்ட தோட்டாவுக்காக வடிவமைக்கப்பட்டது. இக்காலத் தோட்டாக்களில் உள்ள, அதிக அழுத்தம் தரக்கூடிய புகையில்லா மருந்துக்குக் கோல்ட் நிறுவனம் உத்தரவாதம் அளித்தது 1900இல்தான். எனவே அவர் சொல்வது உண்மையானால், இக்காலத் தோட்டா எதையும் அதில் இடாதீர்கள். கரிமருந்து மட்டுமே உகந்தது. உருளையின் அச்சுத் தண்டைச் சட்டத்தின் முன்புறத் திருகு பிடித்திருந்தால் அது பழைய வகை. குறுக்கே அழுத்தும் வில்பூட்டு (ஸ்பிரிங் பூட்டு) இருக்கிறது என்பதற்காக மட்டும் 1900க்குப் பிந்தியது என்று நிம்மதி கொள்ள வேண்டாம். அந்தப் பூட்டு 1890களிலேயே வந்துவிட்டது. வரிசை எண்ணைக் கொண்டு தயாரிப்பு ஆண்டை உறுதி செய்வதே சரியான வழி.

இரண்டாம் பதில்

உருளையின் ஆறு அறைகளும் காலி என்பதைக் கண்ணால் பார்த்த பிறகு, சுத்தியலை மிக மெதுவாகப் பின்னிழுங்கள். நான்கு தனித்தனிச் சொடுக்கொலிகள் கேட்க வேண்டும். சுத்தியல் கடைசி நிலையில் நிற்கும்போது உருளை ஆடாமல் பூட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஓர் ஒலி குறைந்தாலும் சுத்தியலில் உள்ள வெட்டுப்பள்ளம் தேய்ந்திருக்கலாம், அல்லது வில் உடைந்திருக்கலாம். பிறகு குழலுக்குள் விளக்கடித்துப் பாருங்கள், ஏனெனில் கழுவாமல் விட்ட கரிமருந்துக் கசடு எஃகை அரித்துக் குழி விழச் செய்யும். மென்மையான ஈயத்தைக் குழலில் தள்ளி அளந்தும் பாருங்கள்: பழைய .45 குழல்களின் உள்விட்டம் ஏறத்தாழ .454 அங்குலம் இருப்பதால், .451 அங்குலக் குண்டு சுழல்வரிகளை (குண்டைச் சுழலவைக்கும் உட்குழல் வரிகள்) சரியாகப் பற்றாமல் சிதறிப் போகும். மெருகேற்றியது சேகரிப்பாளருக்கு இழப்பு. சுடுபவருக்கு அது விலையைக் குறைக்கும் நல்வாய்ப்பு. ஆனால் திருகுகளின் தலைகள் சிதைந்திருந்தால், பயிற்சியற்ற கை அதைத் திறந்திருக்கிறது என்று கொள்ளுங்கள்.

மூன்றாம் பதில்

மற்றவர்கள் சொல்லாத ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன்: ஆறு அறைகள் இருந்தாலும் ஐந்து தோட்டாக்களே இடுங்கள். சுத்தியலின் ஊசி நேராகத் தோட்டாவின் அடிப்பகுதியில் அமர்வதால், கைதவறி விழுந்தால் வெடித்துவிடும். ஒன்றை இட்டு, அடுத்த அறையை விட்டு, மேலும் நான்கை இட்டு, சுத்தியலை முழுதும் பின்னிழுத்து மெல்ல இறக்கினால் அது காலி அறையின் மேல் அமரும். ரூகர் நிறுவனம் 1973இல் தன் ரிவால்வர்களில், விசையை இழுத்தால் மட்டுமே சுத்தியலின் அடியை ஊசிக்குக் கடத்தும் இடைத்தகட்டு அமைப்பைப் புகுத்தி இந்த ஆபத்தை நீக்கியது; உங்கள் ரிவால்வரில் அது கிடையாது.

இதன் குறிமுனை நிலையானது, திருகி மாற்றியமைக்க முடியாது. குண்டு தாழப் போனால் முன்குறியை அராவத் தோன்றும். நூறாண்டு கடந்த பொருளில் அராவியதைத் திரும்பப் பெற முடியாது. அதற்குப் பதிலாகச் சற்றுக் கனமான குண்டைச் சுட்டுப் பாருங்கள். அது குழலைவிட்டு வெளியேறுவதற்குள் பின்னுதைப்பு குழலை உயர்த்துவதால், பெரும்பாலும் மேலே படும். சுட்ட அன்றே வெந்நீரில் கழுவி, உலர்த்தி, எண்ணெய் இடுங்கள்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. வரிசை எண்ணை அவரிடம் கேட்டிருக்கிறேன். துப்பாக்கி பழுது நீக்குபவர் ஒருவர் உருளையையும் குழலையும் அளந்து சொன்ன பிறகே பணம் தருவேன்.