பாட்டி பேசும் மொழியைப் பதிந்துவைப்பது எப்படி?

கூழாங்கல்:
பாட்டி வீட்டு மொழிதான் பேசுவார். அடுத்த தலைமுறைக்குப் புரியும், பேச வராது. பேரப்பிள்ளைகளுக்குப் புரிவதும் குறைந்துகொண்டே வருகிறது. அவருடைய சின்ன வயது நினைவுகளை அவர் மொழியிலேயே பதிய வேண்டும். கேட்டால் இரண்டு வரியில் முடித்துவிடுகிறார், அதுவும் பிள்ளைகள் பேசும் மொழிக்கு மாறி. என்ன கேட்பது, எப்படிப் பதிவது? பேச வராதவர்கள் அதை ‘என் மொழி’ என்று சொல்லலாமா என்பதும் உறுத்துகிறது.

நெல்லிமரம்:
கேட்பவர் பேசும் மொழிக்குப் பெரியவர்கள் தாமாகவே மாறிவிடுவார்கள். அதனால் அந்த மொழி பேசும் ஒருவர், தங்கையோ நாத்தனாரோ, பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும். 2000-ல் உளவியலாளர்கள் வியோரிகா மரியனும் உல்ரிக் நைசரும் ரஷ்யனும் ஆங்கிலமும் தெரிந்தவர்களிடம் ஆய்வு செய்தார்கள். ரஷ்யனில் கேட்டபோது, ரஷ்யன் பேசி வாழ்ந்த காலத்து நினைவுகள் கூடுதலாக வந்தன.

“சின்ன வயசைப் பத்திச் சொல்லுங்க” என்றால் சுருக்கம்தான் கிடைக்கும். ஒரு பெரிய தாளில் அவர் வளர்ந்த வீட்டை வரையச் சொல்லுங்கள். வாசலில் விரலை வைத்து உள்ளே போகட்டும்: யார் எங்கே படுத்தார்கள், தண்ணீர்ப் பானை எந்த மூலையில் இருந்தது, அடிக்குப் பயந்து எங்கே ஒளிவது. ஒளிந்த இடத்துக்கு விரல் வந்ததும், அங்கே ஒளிந்திருந்தபோது யார் எப்படிக் கூப்பிட்டார்கள் என்று கேளுங்கள். அதட்டலும் செல்லப்பெயரும் அப்போதுதான் வரும். அவர் பேச்சை நிறுத்தினால் பத்து விநாடி பொறுங்கள். பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் நல்லது வரும். நடுவில் எதையும் திருத்தாதீர்கள்.

ஒலித்தட்டு:
போன் போதும், கூட ஒரு கிளிப் மைக். வாயிலிருந்து ஒரு சாண் கீழே குத்துங்கள். புடவைத் தலைப்பு உரசாத இடமாகப் பாருங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். செயலியில் இரைச்சல் குறைப்பு இருந்தால் அணைத்துவிடுங்கள், அது மெல்லிய மெய்யொலிகளையும் சேர்த்து விழுங்கும். செயலியின் அமைப்பில் வேவ் (WAV, ஒலியைச் சுருக்காமல் சேமிக்கும் கோப்பு), 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ என்று தேர்ந்தெடுங்கள்: ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 350 எம்பி இடம் பிடிக்கும். முதலில் ஒரு நிமிடம் பதிந்து ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். ஒரு தடவைக்கு அரை மணி நேரம் போதும், அதற்குமேல் குரல் களைத்துவிடும்.

தேதி, பேசுபவர் பெயர், மொழி மூன்றையும் தொடக்கத்திலேயே வாயால் சொல்லிப் பதியுங்கள். கோப்பின் பெயர் மாறிப்போனாலும் அது நிற்கும். மூன்று பிரதி வையுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். கேட்டு எழுதுவதை அவர் இருக்கும்போதே தொடங்குங்கள். ஒரு நிமிடப் பேச்சை எழுதப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும், புரியாத சொல்லுக்குப் பொருள் சொல்ல அவரைவிட்டால் ஆளில்லை.

மழலை:
பேச வராவிட்டாலும் ‘என் மொழி’ என்று தாராளமாகச் சொல்லலாம். கேட்டுப் புரிந்துகொள்வதும் அந்த மொழியை அறிந்திருப்பதுதான். உளவியலாளர் டெர்ரி அவ் (Terry Au) குழுவினர் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் ஸ்பானிய மொழியைக் காதால் மட்டும் கேட்டு வளர்ந்தவர்கள், பெரியவர்களான பின் அதைப் படித்தபோது, அப்படிக் கேட்காதவர்களைவிட நல்ல உச்சரிப்போடு பேசினார்கள்.

பேச்சு வராததற்குப் பெரிய காரணம் வெட்கம். வாயைத் திறந்தாலே சிரிப்பும் திருத்தமும் வந்தால் பிள்ளை அடுத்த தடவை பேசாது. தப்பாகச் சொன்னால், சரியான வடிவத்தை உங்கள் பதிலுக்குள் வைத்துச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். பதிவிலிருந்து பாட்டி அடிக்கடி சொல்லும் பத்து வாக்கியங்களை வெட்டியெடுத்து, அவர் குரலோடு சேர்ந்து சொல்லிப் பழகட்டும். “சாப்பிட்டியா”, “இங்கே வா”, “போதும்” மாதிரி, அன்றைக்கே அவரிடம் சொல்லிப் பார்க்கக்கூடியவையாக எடுங்கள்.