லைட் மாத்தப் போய் ஃபேன் நின்ன கதை

எங்க வீடு மதுரையில 1994ல கட்டினது, வயரிங்கும் அப்ப போட்டதுதான். ஹால் சீலிங்ல ஒரு பேட்டன் ஹோல்டர், குண்டு பல்பு போய் சிஎஃப்எல் வந்து, அப்புறம் எல்இடி பல்பு வந்து, கடைசில ஹோல்டரே நமத்துப்போன அப்பளம் மாதிரி கையோட வர ஆரம்பிச்சிருச்சு. சரி கழட்டிட்டு 15 வாட்ஸ் ரவுண்டு லைட் ஒண்ணு மாட்டுவோம், இதுக்கெல்லாமா எலக்ட்ரீஷியன்னு மெயினை இறக்கிட்டு ஏணில ஏறிட்டேன்.

கீழ அம்மா, "கரன்ட்டை அமத்திட்டேன்னு சொன்ன, ஃபேன் ஓடுதேடா?"

அப்பதான் உறைச்சுது, இன்வெர்ட்டர்! மெயினை இறக்கினா அதுக்கு அது பவர்கட், டக்குனு பேட்டரிக்கு மாறி ஹால் லைனுக்கு முழு வோல்டேஜும் குடுத்துட்டு உக்காந்திருக்கு. இன்வெர்ட்டர் சுவிட்சை மட்டும் அமத்தினாலும் ஆகாது, ஈபி இருந்தா பைபாஸ்ல போய்க்கிட்டேதான் இருக்கும், ரெண்டையும் அமத்தணும். எதுக்கும் இருக்கட்டும்னு டெஸ்டர் வச்சுப் பாத்துட்டுத்தான் கை வச்சேன்.

உள்ள ஒரு சிவப்பு, ரெண்டு கருப்பு. கருப்பு ரெண்டையும் ஒண்ணா முறுக்கி ஹோல்டர்ல ஒரே ஓட்டையில விட்டிருந்தாங்க. புது லைட்ல இருக்கறதே ரெண்டு வயர், அப்ப இந்த மூணாவது எதுக்குன்னு நானா ஒரு முடிவு பண்ணி, ஒரு கருப்பை டேப் சுத்தி மேல தள்ளிட்டேன். லைட் பளிச்சுனு எரிஞ்சுது, எனக்கு ஒரே பெருமை.

ராத்திரி படுக்கப்போனா பெட்ரூம்ல ஃபேனும் இல்ல, லைட்டும் இல்ல. ஃபேன் சுவிட்சைப் போட்டுட்டு மேல டெஸ்டர் வச்சா ரெண்டு வயர்லயுமே எரியுது! ஐயையோ எங்கயோ ஷார்ட் ஆயிருச்சு போலன்னு எல்லாத்தையும் அமத்திட்டு மொட்டை மாடில படுத்தோம்.

காலைல எலக்ட்ரீஷியன் வந்து மேல பாக்கவே இல்ல, "ஹால்ல எதையாச்சும் தொட்டீங்களா சார்?"ன்னார். அந்தக் கருப்பு வயர்தான் ஹால் பாயின்ட்லருந்து பெட்ரூமுக்கு லூப் போற நியூட்ரல், அதாவது கரன்ட் திரும்பிப் போற வயர். அதை நான் வெட்டிவிட்டதும், ஃபேஸ், அதாவது கரன்ட் வர்ற லைன், ஃபேன் காயில் வழியா அந்தப்பக்கம் போய் வெளிய வழியில்லாம நிக்குது, அதான் ரெண்டுலயும் டெஸ்டர் எரிஞ்சிருக்கு. கருப்பு ரெண்டையும் லைட் வயரோட சேர்த்து முறுக்கி டேப் அடிச்சார், அஞ்சு நிமிஷம், 200 ரூபா, அம்மா கையால காபி வேற.

* * *

உங்க வீட்டுலயாவது கருப்பு கருப்பா இருந்துச்சே அண்ணே. நாங்க வாடகைக்கு இருந்த வீட்டுல எல்லாமே சிவப்பு, ஒரே ரோல்ல முடிச்சிருக்காங்க. சுவிட்சை அமத்தினதுக்கு அப்புறமும் எல்இடி மின்மினி மாதிரி லேசா எரிஞ்சுக்கிட்டே இருக்கும், மாமியார் அதை நைட் லேம்ப்னே நினைச்சுட்டாங்க. போர்டைப் பிரிச்சுப் பாத்தா சுவிட்ச் நியூட்ரல்ல இருக்கு! அதாவது சுவிட்ச் அமத்தினாலும் ஹோல்டருக்கு ஃபேஸ் வந்துக்கிட்டேதான் இருந்திருக்கு, அதுல நான் எத்தனை தடவை வெறுங்கையால பல்பு மாத்திருக்கேன் தெரியுமா. இப்பல்லாம் டெஸ்டரையே நம்புறதில்ல, முதல்ல கரன்ட் இருக்கிற பிளக்ல வச்சு எரியுதான்னு பாத்துட்டுத்தான் ஏணிய எடுக்கிறது.

* * *

நான் லண்டன்காரர் வீடியோ ஒண்ணு பாத்துட்டு நீலம்னா நியூட்ரல்னு கிளம்பினவன். அங்க 2004லருந்து அப்படித்தான், பிரவுன் ஃபேஸ், நீலம் நியூட்ரல். எங்க வீடு மூணு ஃபேஸ், சிவப்பு மஞ்சள் நீலம் மூணுமே ஃபேஸ், கருப்புதான் நியூட்ரல். நல்லவேளை மச்சான் பக்கத்துல நின்னு கைய புடிச்சான். ஆனா கடையில வாங்கின லைட்ல பாத்தா பிரவுனும் நீலமும்தான் வந்துச்சு, அதுல மட்டும் நீலம் நம்ம கருப்போட போகணும். பச்சை வயர் ஒண்ணு எர்த்துக்குன்னு இருந்துச்சு, அதைக் குடுக்கலாம்னா சீலிங் பைப்ல எர்த்தே இழுக்கல.