வைரசுப் புரதங்களும் கல மேற்பரப்பு வெல்லங்களும்: உயர்தர மாணவர்களுக்கு எப்படி விளக்கலாம்?

வெள்ளவத்தை ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். கொழும்பில் உயர்தர வகுப்புக்கு உயிரியலைத் தமிழ்மொழி மூலம் கற்பித்து வருகிறேன். கலமென்சவ்வின் வெளிப்புறத்தே நீண்டிருக்கும் காபோவைதரேற்றுச் சங்கிலிகள், அதாவது வெல்ல அலகுகள் கோத்த சங்கிலிகள், கலங்கள் ஒன்றையொன்று இனங்காண உதவுகின்றன என்று சொல்லி முடித்தபோது ஒரு மாணவி எழுந்தார். வைரசுகளும் அவற்றை இனங்காண்கின்றனவா, அப்படியானால் பறவைக் காய்ச்சல் ஏன் மனிதரிடையே எளிதில் பரவுவதில்லை என்று கேட்டார். இன்னொரு மாணவரின் வீட்டிலோ, சீனியைக் குறைத்தால் வைரசு ஒட்டாது என்று பேசிக்கொள்கிறார்களாம். இரண்டுக்கும் பிழையற்ற விடையைக் கொண்டுபோக விரும்புகிறேன். டெங்கு பற்றியும் நிச்சயம் கேட்பார்கள்.

ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர், பொரளை:
வணக்கம் மிஸ். மாணவியின் கேள்வி மிக நல்ல கேள்வி. கண்ணால் காணக்கூடிய ஒன்றிலிருந்து தொடங்குவதே சிறந்தது என்று நினைக்கிறேன்.

அடி கூம்பிய குழிகளைக் கொண்ட தட்டில் கோழியின் செங்குழியங்களை இட்டு அரை மணி நேரம் அசையாமல் வைத்தால், அவை சரிந்து அடியில் சிவந்த பொட்டாகச் சேரும்; தட்டைச் சரித்தால் அந்தப் பொட்டிலிருந்து ஒரு கோடு வழியும். இன்புளுவென்சா வைரசு போதிய அளவில் கலந்திருந்தாலோ செங்குழியங்கள் வலைபோலப் பிணைந்து குழியெங்கும் பரவி நிற்கும், பொட்டு உருவாகாது. 1941இல் அமெரிக்க வைரசியலாளர் ஜோர்ஜ் ஹேர்ஸ்ட் கண்டறிந்த இந்த ஒருங்கொட்டலே, வைரசின் ஹேமக்ளூட்டினின் என்ற புரதத்துக்குப் பெயரையும் தந்தது. அப்புரதம் பற்றுவது, வெல்லச் சங்கிலியின் நுனியில் இருக்கும் சியாலிக் அமிலம் என்ற வெல்ல அலகை.

ஹேர்ஸ்ட் அதோடு நிற்கவில்லை. 37 பாகை செல்சியசில் வைத்தபோது ஒட்டிய வைரசு தானாகவே விடுபட்டது. அதன் பின் அதே செங்குழியங்களுக்குப் புதிய வைரசைச் சேர்த்தும் அவை ஒட்டவில்லை. வைரசிடமே உள்ள நியூராமினிடேசு என்ற நொதியம் சியாலிக் அமிலத்தை வெட்டி நீக்கியிருந்தது. பற்றுவதற்கு ஒரு புரதம், விடுபடுவதற்கு இன்னொன்று என்ற இந்தச் சமநிலைதான், என் பார்வையில், பாடத்தின் உயிர்நாடி. இன்புளுவென்சாவுக்குத் தரப்படும் ஒசெல்டமிவிர் மருந்து தடுப்பதும் இந்த வெட்டலைத்தான். புதிதாக உருவான வைரசுகள், தாம் வெளிவந்த கலத்தின் மேற்பரப்பிலேயே சிக்கிக்கொள்கின்றன.

இன்னொன்றையும் வலியுறுத்துங்கள். தனியொரு ஹேமக்ளூட்டினினுக்கும் தனியொரு சியாலிக் அமிலத்துக்கும் இடையிலான பிணைப்பு மிக வலுக்குறைந்தது. ஒட்டுப்புல் ஒன்றிரண்டு வேட்டியில் பட்டால் தட்டிவிடலாம், கரை முழுவதும் ஏறிவிட்டால் இலேசில் போகாது அல்லவா? வைரசின் மேல் அந்தப் புரதம் நூற்றுக்கணக்கில் இருப்பதால்தான் பிடி இறுகுகிறது.

பறவைக் காய்ச்சலுக்கான விடை பெரும்பாலும் இணைப்பின் வடிவத்தில் இருக்கிறது. சியாலிக் அமிலத்தின் 2ஆம் காபன், அடுத்துள்ள கலக்டோசின் 3ஆம் காபனுடன் இணையலாம், அல்லது 6ஆம் காபனுடன் இணையலாம். பறவை வைரசுகள் முதலாவதை விரும்புகின்றன. அது பறவைகளின் குடலில் நிறைய உண்டு. நமது மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் மிகுதியாக இருப்பது இரண்டாவது வகை. நுரையீரலின் ஆழத்தில், சிற்றறைகளில், முதலாவது வகை இருப்பதால், அவ்வளவு தூரம் இறங்கிய எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரசு கடும் நியுமோனியாவை உண்டாக்குகிறது. ஆனால் இருமலோடு எளிதில் வெளியேறிப் பரவுவதில்லை. 1968இல் உலகெங்கும் பரவிய இன்புளுவென்சா வைரசின் ஹேமக்ளூட்டினினில் 226ஆம், 228ஆம் இடங்களின் அமினோ அமிலங்கள் மாறியிருந்தன. அந்த மாற்றமே அதன் விருப்பத்தைப் பறவை வகையிலிருந்து மனித வகைக்குத் திருப்பியது. இது மட்டுமே தடையென்று சொல்லிவிட வேண்டாம். கலத்தினுள் பெருகுவதற்கும் வைரசுக்கு வேறு விகாரங்கள் (பரம்பரையலகு மாற்றங்கள்) தேவை.

உயிரிரசாயன மாணவன்:
சீனி பற்றிய கேள்விக்கு நான் விடை தருகிறேன். கல மேற்பரப்புச் சங்கிலிகளை, அகமுதலுருச் சிறுவலையிலும் கொல்கி உபகரணத்திலும் உள்ள நொதியங்களே ஒவ்வோர் அலகாகக் கோக்கின்றன. சியாலிக் அமிலத்தைக் கலம் தானே தொகுக்கிறது. ஆகவே தேநீரில் சீனியைக் குறைப்பதால் அந்தச் சங்கிலிகள் மறைந்துவிடா. நீரிழிவு உள்ளவர்களுக்கு இன்புளுவென்சா கடுமையாக வரக்கூடும் என்பது உண்மைதான். அதற்கு முக்கிய காரணம் நோயெதிர்ப்பு பாதிக்கப்படுவது. வீட்டாருக்கு இதைப் பிரித்துச் சொல்வது அவசியம்.

டெங்கு வைரசு ஹெப்பரான் சல்பேற்று என்ற நீண்ட சங்கிலியைப் பற்றுகிறது. அதன் சல்பேற்றுக் கூட்டங்கள் எதிரேற்றம் உடையவை, வைரசின் உறைப்புரதத்தில் நேரேற்றம் கொண்ட பகுதிகள் உண்டு. கொவிட்-19 வைரசின் கூர்முனைப் புரதமும் அவ்வாறே. ஹெப்பரான் சல்பேற்றைப் பற்றிக்கொண்டு கல மேற்பரப்பிலுள்ள ஏசிஇ2 என்ற வாங்கிப் புரதத்துடன் இணைகிறது. அச்சங்கிலியை நொதியத்தால் நீக்கிய கலங்களில் தொற்று வெகுவாகக் குறைந்ததை 2020இல் வெளியான ஆய்வுகள் காட்டின.

நுண்ணுயிரியல் விரிவுரையாளர்:
தம்பி சொன்னது சரி. ஆனால் டெங்கு விடயத்தில் ஒரு கவனம் வேண்டும். ஆய்வுகூடக் கல வளர்ப்பில் மீண்டும் மீண்டும் வளர்க்கப்படும் இவ்வகை வைரசுகளில், ஹெப்பரான் சல்பேற்றை இறுகப் பற்றும் விகாரங்கள் தெரிவாகிப் பெருகிவிடுவதுண்டு. எனவே குடுவையில் கண்ட பிடியின் வலிமையை நோயாளியின் உடலுக்கு அப்படியே பொருத்தக்கூடாது. டெங்குவில் எதிர்த்திசையிலும் பற்று நிகழ்கிறது: வைரசின் உறைப்புரதத்திலேயே வெல்லச் சங்கிலிகள் உண்டு, நமது நோயெதிர்ப்புத் தொகுதியைச் சேர்ந்த கிளைநீட்டக் கலங்களின் மேலுள்ள டிசி-சைன் என்ற புரதம் அவற்றைப் பிடிக்கிறது.

ஆசிரியை அவர்களே, பரம்பரையியல் பாடத்தோடு இணைக்க விரும்பினால் நோரோவைரசை எடுங்கள். வயிற்றோட்டத்தையும் வாந்தியையும் உண்டாக்கும் இந்த வைரசின் உறைப்புரதம், குடல் மேற்பரப்பிலுள்ள குருதிக்கூட்ட வெல்லங்களைப் பற்றுகிறது. அவற்றில் பியூக்கோசைச் சேர்க்கும் நொதியத்துக்கான எப்யூடி2 பரம்பரையலகு இரு பிரதிகளிலும் செயலிழந்தவர்களை, இவ்வைரசின் பல வகைகள் தொற்றுவதில்லை. பெற்றோரின் பிறப்புரிமையமைப்பைக் கொடுத்து, பிள்ளைகளில் யாருக்குத் தொற்றக்கூடும் என்று மாணவர்களையே கணிக்கச் சொல்லலாம்.