பெரியப்பா 70 – பரிசுக் குழு

28 டிசம்பர் 2025

செல்வி: எல்லாரும் பார்க்கவும். அப்பா இந்தக் குழுவில் இல்லை, யாரும் சேர்த்துவிடாதீர்கள். மே மாதம் அப்பாவுக்கு 70 வயது பீமரத சாந்தி, டெட்ராய்ட் பக்கத்து பான்டியாக் கோயிலில் இடம் கேட்டிருக்கிறேன். பரிசு இந்த வாரமே முடிவாக வேண்டும். வெர்லாண்டர் கையெழுத்துப் போட்ட டைகர்ஸ் சட்டை என்கிறான் பாபு. கொஞ்சம் பொறுத்தால் 300ஆவது வெற்றி வரும், அப்போது வாங்கினால்தான் மதிப்பு என்கிறான் என் மகன் அருண். சொல்லுங்கள்.

கமலா அத்தை: யார் அது வெர்லாண்டர்

லதா சித்தி: பேஸ்பாலில் பந்து எறிபவர் அண்ணி, டெட்ராய்ட் டைகர்ஸ் அணியில் இருந்தவர். உங்கள் அண்ணன் வீட்டு ஹாலில் படம் மாட்டியிருக்குமே.

கமலா அத்தை: வெள்ளிக் குடம் வாங்கலாம்

பாபு: குடம் வேண்டாம் அத்தை

முரளி: அக்கா, பொறுக்கவே வேண்டாம். 300 வருமா என்பது இப்போது ரொம்ப சந்தேகம். பந்து எறிபவர்களில் இதுவரை 24 பேர்தான் 300 வெற்றி தொட்டிருக்கிறார்கள். கடைசி ஆள் ராண்டி ஜான்சன், 2009 ஜூனில். அதற்குப் பிறகு ஒருவரும் இல்லை. வெர்லாண்டர் கையில் 266 இருக்கிறது, இன்னும் 34 வேண்டும், பிப்ரவரியில் 43 வயது ஆகப்போகிறது. சான் பிரான்சிஸ்கோ ஒப்பந்தமும் முடிந்துவிட்டதால் இப்போது அணியும் இல்லை. இந்த வருடம் முதல் 16 ஆட்டத்தில் இறங்கி ஒரு வெற்றி கூடக் கிடைக்கவில்லை, ஜூலை கடைசியில்தான் முதல் வெற்றி. மொத்தம் 4 வெற்றி, 11 தோல்வி.

அருண்: மாமா அது அவர் தப்பு இல்லை. ஒரு முழு ஆட்டத்துக்கு, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு, சராசரியாக 4 ரன்கூடக் கொடுக்கவில்லை. அணி ரன் அடிக்கவில்லை.

முரளி: அதைத்தான் நானும் சொல்கிறேன் அருண், நன்றாக எறிவதும் வெற்றி கணக்கில் ஏறுவதும் வேறு வேறு. ஆட்டத்தை ஆரம்பிக்கும் பிட்சர் (பந்து எறிபவர்) ஐந்து இன்னிங்ஸாவது முடிக்க வேண்டும், அவர் வெளியே போகும்போது அணி முன்னால் இருக்க வேண்டும், பின்னால் வருபவர்கள் அந்த முன்னிலையைக் கடைசிவரை விடாமல் இருக்க வேண்டும். இப்போது பயிற்சியாளர்கள் ஐந்து, ஆறு இன்னிங்ஸிலேயே ஆளை எடுத்துவிடுகிறார்கள், ஏனென்றால் ஒரே பிட்சரை மூன்றாவது முறை சந்திக்கும்போது அடிப்பவர்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். மீதி மூன்று நான்கு இன்னிங்ஸ் மற்றவர்கள் கையில். பிட்ஸ்பர்க் பிட்சர் ஸ்கீன்ஸைப் பார், இந்த வருடம் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை ஒரு ஓட்டு விடாமல் வாங்கினான், கணக்கு 10 வெற்றி 10 தோல்வி!

லதா சித்தி: முரளி ஒரு மெசேஜை இரண்டாகப் பிரித்துப் போடு

பாபு: அண்ணனுக்கு அது வராது சித்தி

செல்வி: முரளி, சட்டையா வேண்டாமா?

கமலா அத்தை: செல்வி, உன் மாமனார் கோயம்புத்தூரிலிருந்து நிச்சயத் தேதி கேட்டுப் போன் போட்டபோது உன் அப்பா எடுக்காமல் இருந்தாரே, அது இந்த ஆளைப் பார்க்கப் போய்த்தானே

முரளி: ஆமாம் அத்தை! 2007 ஜூன் 12, மில்வாக்கி அணிக்கு எதிராக, ஒரு ஹிட் கூடக் கொடுக்காமல் முடித்தார். பெரியப்பா டைகர்ஸ் மைதானமான கொமெரிக்கா பார்க்கில் இருந்தார்.

கமலா அத்தை: சம்பந்தி கோபத்தை நான்தான் ஆற்றினேன். யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா

செல்வி: எனக்கு இருக்கிறது அத்தை. என்றைக்கும் மறக்க மாட்டேன்.

பாபு: எல்லாரும் ஒரே இடத்தில் இருக்கும்போதே உறையூர் வீட்டுப் பட்டா விஷயத்தையும் பெரியப்பாவிடம் பேசி முடித்துவிடலாம்

செல்வி: அது இந்தக் குழுவில் வேண்டாம் பாபு.

பாபு: ஐந்து வருடமாக எந்தக் குழுவிலும் வேண்டாம் என்றுதான் சொல்கிறீர்கள்

லதா சித்தி: பாபு.

அருண்: 300 வரும் என்று நான் சொல்லக் காரணம் இருக்கிறது. ஃபில் நீக்ரோ 300 தொட்டபோது வயது 46. ராண்டி ஜான்சனுக்கு 45. வெர்லாண்டர் 39 வயதில் 18 வெற்றி எடுத்தார், அதுவும் முழங்கை அறுவை சிகிச்சைக்குப் பிறகு. 45 வரை எறிய ஆசை என்று அவரே சொல்லியிருக்கிறார்.

முரளி: நீக்ரோ நக்கிள்பால் போட்டவர்டா, சுழலாமல் மெதுவாகப் போகும் பந்து, கைக்கு அந்தச் சிரமம் கிடையாது. ஆனால் நீ சொல்வதில் ஒன்று எனக்கும் மனசை அறுக்கிறது. 2020இல் கொரோனாவும் முழங்கையும் சேர்ந்து ஒரே ஒரு ஆட்டம், 2021 முழுக்க இல்லை. அந்த இரண்டு வருடத்தில் 15, 15 எடுத்திருந்தால் இப்போது 295இல் நிற்பார், நாம் இந்தப் பேச்சே பேசிக்கொண்டிருக்க மாட்டோம். இன்னொன்றும் சொல்கிறேன், அவருக்குப் பின்னால் வரிசையில் யாரும் இல்லை. மற்ற பிட்சர்களில் கெர்ஷா 223 வெற்றியில் ஓய்வு பெற்றுவிட்டார். ஷெர்சர் 221, வயது 41. கெரிட் கோல் 153, வயது 35, அவருக்கும் முழங்கை அறுவை. பெரியப்பா டெட்ராய்ட்டுக்கு வந்த 1984இல் பழைய ஆட்கள் அவரிடம் பழைய டைகர்ஸ் பிட்சர் லோலிச் பற்றித்தான் பேசுவார்களாம், 1971இல் ஒரே சீசனில் 45 ஆட்டம் ஆரம்பித்தவர், 376 இன்னிங்ஸ். இந்த வருடம் 200 இன்னிங்ஸ் தாண்டியவர்களே மொத்தம் மூன்று பேர். அந்த வேலையே போய்விட்டது. 20 வருடம், வருடத்துக்கு 15 வெற்றி, யார் எடுப்பார்கள்? அதனால் 34 வருமா என்று காத்திருக்காமல், 2026இல் அவர் எந்த ஊரில் எறிந்தாலும் பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் நேரில் உட்கார வைக்க வேண்டும். 2017இல் டைகர்ஸ் வெர்லாண்டரை ஹூஸ்டன் அணிக்கு மாற்றிக் கொடுத்தபோது பெரியப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, பெரியம்மா சொல்லியிருக்கிறார். சட்டை அலமாரியில் தொங்கும். இது அப்படி இல்லை.

லதா சித்தி: இது நல்ல யோசனை

பாபு: 👍

செல்வி: எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் எந்த அணி என்றே தெரியாமல் டிக்கெட் எப்படி?

முரளி: அதுதான் சிக்கல். அணி தெரிந்தாலும் ஐந்தாறு நாளுக்கு ஒருமுறைதான் எறிவார், தேதி சில நாள் முன்னால்தான் உறுதியாகும். விழா வாரத்தில் அமையாமல் போகலாம்.

கமலா அத்தை: 70 வயசில் விமானத்தில் இழுத்துக்கொண்டு அலையாதீர்கள். முட்டி வலி என்கிறார்.

செல்வி: அத்தை, முட்டி வலி என்று என்னிடம் சொல்லவே இல்லையே?

கமலா அத்தை: என்னிடம்தான் சொல்வார்

அருண்: சட்டையும் வாங்கலாம், 300 வந்தால் பந்தும் வாங்கலாம்

முரளி: வந்தால் செலவு முழுக்க என்னுடையது. எழுதி வைத்துக்கொள்.

பாபு: அண்ணா, அப்படியே என் விமான டிக்கெட்டும்

லதா சித்தி: பாபு உனக்கு விசா நேர்காணல் தேதி கிடைத்ததா?

பாபு: இன்னும் இல்லை சித்தி

செல்வி: சரி. பயணம் என்றே வைத்துக்கொள்வோம், அணி தெரிந்த பிறகு தேதி பார்க்கலாம். சட்டை விலையை பாபு கேட்டுச் சொல்லட்டும். முரளி, ஞாயிறு எனக்குப் போன் செய். முட்டி விஷயம் அப்பாவிடம் நானே கேட்கிறேன்.

கமலா அத்தை: குடத்துக்கு இங்கே சொல்லிவிட்டேன். பேர் பொறிக்க வேண்டுமா, யார் யார் பேர்?